பழவேற்காட்டுக் கரையில் ஒரு முட்டைக்குழி

பிப்ரவரி 17, 2025
விடியற்காலையில் முகத்துவாரத்துக்கு வடக்கே பங்குனி ஆமையின் தடம் பார்த்தேன். இரண்டு பக்கமும் துடுப்புக்கால் மாறி மாறி மணலைத் தள்ளிய கோடு, காற்றில் பாதி மங்கியிருந்தது. முந்தாநாள் ராத்திரி ஏறியிருக்க வேண்டும். அலை நின்ற ஈரத்திலிருந்து குழி பத்தடிகூட இல்லை. பக்கத்திலேயே அடம்பங்கொடி.

முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் என்றால் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கலாம். அதற்கப்புறம் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும், புரட்டினால் செத்துப்போகும். வனக்காவலரும் போனில் "தொடாதீங்க தம்பி, வேலி மட்டும் போடலாம்" என்றார். வலையும் மூங்கிலும் வைத்து வேலி போட்டோம்.

பிப்ரவரி 23
தெற்கே வேறொரு குழியை நரி தோண்டிவிட்டது. முட்டைத்தோல் ஈரக் காகிதம்போல் சுருண்டு கிடந்தது, மஞ்சள் கரு மணலோடு காய்ந்து எறும்பு மொய்த்தது. கட்டுமரத்துப் பெரியவர், "நரிக்கும் குட்டி இருக்கும்ல தம்பி" என்றார். நியாயம்தான். எனக்குக் காலைச் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 12
மாசி மகம். கரையெல்லாம் கூட்டம். குழிக்கு ஆபத்தில்லை.

மார்ச் 30
அமாவாசை அலை ராத்திரி வேலியைத் தாண்டிவிட்டது. முட்டை ஓட்டு வழியாகத்தான் உள்ளே இருக்கும் கரு மூச்சு விடுகிறது. மணலில் தண்ணீர் வெகுநேரம் நின்றால் மூச்சு முட்டிப் போகும். தண்ணீர் வடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெயிலும் ஏறிவிட்டது. மணல் 30 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் பெண் குஞ்சுதான், இன்னும் நாலைந்து டிகிரி கூடினால் கருவே தாங்காது.

ஏப்ரல் 3
சாயங்காலம் குழியின் மேல் மணல் லேசாக உள்வாங்கியிருந்தது. ராத்திரி பதினொன்றுக்கு முதல் தலை. அப்புறம் நெருக்கித் தள்ளிக்கொண்டு வந்தன, 38 எண்ணினேன். ஒன்றைக் கரை நண்டு துடுப்பைப் பிடித்துத் தன் வளைக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. குஞ்சு சத்தமில்லாமல் மறு துடுப்பால் மணலைப் பிறாண்டியது. கொடுக்கை விலக்கிவிட்டேன். செய்திருக்கக் கூடாது என்பார்கள், என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கடலுக்குள் மீன் காத்திருக்கும். ஆயிரத்தில் ஒன்று பெரிதாகும் என்றுதான் கணக்குச் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 6
காவலர் முன்னால் குழியைத் திறந்தோம். கடல் பக்கத்து முட்டைகள் ஊறி நாறின. மேட்டுப்பக்கம் அடம்ப வேர் முட்டைகளைத் துளைத்துப் பின்னியிருந்தது. அடியில், கழுத்தில் வேர் சுற்றி, ஒரு குஞ்சு. விரல் வைத்ததும் கால் அசைந்தது. காவலர் பிளேடால் வேரை அறுத்தார். காக்கைகள் வட்டமிட்டதால் ஈர மணல் போட்ட கூடையில் வைத்திருந்து, இருட்டியதும் தண்ணீரோரம் விட்டோம். மூன்று தடவை அலை புரட்டிப்போட்டது. நாலாவது அலையில் திரும்பி வரவில்லை.