நூறு பாயின்ட் நாலு

பிப்ரவரி 2
துளசித் தொட்டிய மாடிக்கு ஏத்தியாச்சு. அக்கா பொண்ணு குட்டிக்கு கேன்சர் வைத்தியம் நடக்குது. மண்ணுல பூஞ்சை இருக்கும், ரத்த அணு கவுன்ட் கம்மியா இருக்கற புள்ள பக்கத்துல வேணாம்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. ஊர்லேர்ந்து அம்மா போன்ல "துளசி கூடவா ஆகாது"ன்னு அஞ்சு தடவ கேட்டாங்க. ஆகாதும்மா.

பிப்ரவரி 3
காய்ச்சல் பாத்தேன், 97.8.

பிப்ரவரி 5
ராத்திரி ரெண்டே முக்காலுக்கு குட்டிக்கு இட்லி. ஸ்டீராய்டு பசி அப்படித்தான் இருக்குமாம். சட்னி வேணாம் பொடி வேணும், பொடி வேணாம் சாம்பார் வேணும், சாம்பார் சுட வெச்சு கொண்டாந்தா தட்டத் தள்ளி விட்டு ஒரே அழுகை. அக்கா குட்டி தொடையில ஒண்ணு வெச்சுட்டா, லேசாத்தான். அப்புறம் பாத்ரூம்ல பைப்ப தொறந்து விட்டுட்டு அக்கா அழுதா. நான் நின்னுக்கிட்டே அந்த இட்லிய தின்னேன். வேற என்ன பண்றது.

பிப்ரவரி 6
மாமாவ பெங்களூர் சாந்திநகர்ல தர்மபுரி பஸ் ஏத்தி விட்டுட்டு வந்தேன். லீவு முடிஞ்சுது.

பெரியவன், குட்டியோட அண்ணன், ஊர்ல அம்மாகிட்ட இருக்கான், போன்ல பேச மாட்டேங்கறான். அம்மா கையில குடுத்தா டிவி பக்கத்துல வெச்சுட்டுப் போயிடறான். அக்கா கட் பண்ணவும் இல்ல. பத்து நிமிஷம் சோப்பு விளம்பரம் கேட்டுட்டு உக்காந்திருந்தா.

பிப்ரவரி 9
ப்ளேட்லெட், ரத்தத்த உறைய வெக்கற அணு, 8,000. பத்தாயிரத்துக்குக் கீழன்னா ஏத்தியே ஆகணும், காலைலேர்ந்து மூக்குல ரத்தம் வேற, எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டேன், கும்பிடு போட்டவங்க எண்ணி மாளல, ஆளுதான் வரல. ஆபீஸ்லேர்ந்து ஒரு தம்பி ஓடி வந்தான், நேத்து தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டிருக்கானாம், மூணு நாள் ஆகணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க, பாவம் அவன் எங்கிட்ட சாரி கேக்கறான். கடைசில குடுத்தது யாருன்னா எங்க தெருவுக்கு தண்ணி கேன் போடற பையன். கன்னடக்காரன். ஒன்றரை மணி நேரம் மெஷின்ல படுத்துட்டு எந்திரிச்சு மிச்ச கேன் போடப் போறேன்னான், இன்னிக்கு தூக்காதப்பான்னு பிடிச்சு உக்கார வெச்சேன். முன்னாடியே வாங்கி சேத்து வெச்சுக்கலாமேன்னு பாத்தா அஞ்சு நாளுக்கு மேல தாங்காதாம். அடுத்த தடவ மறுபடி முதல்லேர்ந்து தேடணும்.

பை மஞ்சளா இருந்துச்சா, குட்டி "இது ரத்தமே இல்ல, ரசம்"னா.

பிப்ரவரி 10
98.4. மூக்கு நின்னுடுச்சு.

பிப்ரவரி 13
பாக்க வர்றேன் பாக்க வர்றேன்னு ஆளாளுக்கு. இருமிக்கிட்டே வந்து திராட்சைப் பைய நீட்டறாங்க. வாசல்லயே நிறுத்தினா கோவம். பஸ் சார்ஜ் போட்டு இங்க வர்றதுக்கு ஊர்ல பெரியவன ஒரு ஞாயித்துக்கெழம எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்களேன். அவனுக்கு பல்லு விழுந்து நாலு நாளாச்சாம், இன்னிக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

பிப்ரவரி 15
குழந்தைங்க கேன்சர் தினமாம். வார்டு பூரா தங்கக் கலர் ரிப்பன். குட்டிக்கு முதுகு ஊசி, மல்லாந்து படுத்தே பலூனப் பாத்தா.

பிப்ரவரி 17
11.40க்கு 99.9. 12.30க்கு 100.1. நெத்தி சுடுதா சுடுதான்னு அக்கா கேட்டுக்கிட்டே இருக்கா. டாக்டர கேக்காம பாராசிட்டமால் குடுக்கக் கூடாது, காய்ச்சல மறைச்சுடும். 1.50க்கு 100.4, இத தொட்டா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். துணிப் பை ரெடியா இருந்துச்சு. ஓசூர் ரோடு இவ்ளோ காலியா நான் பாத்ததே இல்ல.

பிப்ரவரி 18
நியூட்ரோஃபில், கிருமிய எதிர்க்கற வெள்ளணு, 90. ஐநூறாச்சும் வேணும்.

சாயங்காலம் பெரியவன் அவனாவே கூப்பிட்டான். "அவ சைக்கிள நான் ஓட்டட்டா?" அக்கா பதிலே சொல்லாம போன எங்கிட்ட குடுத்துட்டா. ஓட்டுடா, சீட்ட ஏத்தி வெச்சுக்கோன்னேன்.

போன வெச்சதும் அக்கா "எதுக்குக் குடுத்த"ன்னா.

பிப்ரவரி 19
101.2. ரத்தத்துல கிருமி இருக்கான்னு பாக்கற கல்ச்சர் ரிப்போர்ட் இன்னும் வரல. அக்கா காபிய மட்டும் வாங்கிக்கிட்டா, பேசல.