போனை விட்டுவிட்டு வெள்ளகவி வழியாக

ஜனவரி 30, 2026, வெள்ளி
கொடைக்கானல்

போன் மதுரையில் என் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து மலைச்சரிவில் இருக்கிற வெள்ளகவி கிராமம் வழியாக அடிவாரத்துப் பெரியகுளத்துக்கு நடந்து இறங்குகிற வழியையும், ஞாயிறு சாயங்காலம் அங்கே பஸ் ஏறுவேன் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளகவியில் தங்க வேண்டிய வீட்டையும் வனத்துறை அனுமதியையும் போன வாரமே பேசி முடித்தாகிவிட்டது. தனியாகப் போகிறவள் இதையெல்லாம் விட்டுவிடக் கூடாது.

ஞாயிறு தைப்பூசம். வத்தலக்குண்டுப் பக்கம் ரோட்டோரம் முழுக்கப் பழனிக்கு நடந்து போகிற கூட்டம். பஸ்ஸில் எல்லோரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்துச் சீட்டுப் பாட்டி மட்டும் ஜன்னல் வழியாக ஒவ்வொரு காவடிக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தார். நானும் அவரோடு சேர்ந்துகொண்டேன். நல்ல குளிர். சீக்கிரம் படுக்கப் போகிறேன்.

ஜனவரி 31, சனி
வெள்ளகவி

காலையில் வட்டக்கானல் வரை நடை. டால்பின் நோஸ் பாறையில் போட்டோ எடுக்கிற கூட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கியதும் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் இறக்கம்தான். சோலைக்காட்டுக்குள் வேரும் கல்லுமாக ஒத்தையடிப் பாதை போகிறது. முதுகுப் பை பின்னாலிருந்து தள்ளுவதால் ஒவ்வொரு அடியையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. வேறு வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து மணிச் சத்தம் கேட்டது. காப்பி மூட்டை ஏற்றிய குதிரைகள், பின்னால் ஒரு பெரியவர்.

“தனியாவா வந்த தாயி?”

“ஆமாங்கய்யா. வெள்ளகவிக்கு எது வழி?”

“குதிரைச் சாணி கெடக்குற பக்கமாவே போ. சாணி இல்லாத பாதை விறகுக்குப் போற பாதை. காட்டுமாடு நின்னா சத்தம் போடாத, அது பாட்டுக்குப் போகட்டும்.”

மேப் இருந்திருந்தால் அவரிடம் வழியே கேட்டிருக்க மாட்டேன். காட்டுமாடு சமாச்சாரத்தை எந்த மேப் சொல்லும்? எதிரே வந்தவர்களிடமெல்லாம் மணி கேட்டேன், தண்ணீர் எங்கே என்று கேட்டேன். பதில் சொன்ன ஒவ்வொருவரும் கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்கள். எந்த ஊர், யார் வீட்டுக்கு, சாப்பிட்டாச்சா. வருஷக்கணக்காக நான் முன்பின் தெரியாதவர்களோடு இவ்வளவு பேசியதில்லை.

ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. தெருவே கோயில் மாதிரி. வெயில் பட்ட கல் சூடாகவும் நிழலில் இருந்தது சில்லென்றும் மாறி மாறிக் காலில் பட்டது. வாசல்களில் காப்பிப் பழம் காய்கிறது. கறுத்துச் சுருங்கியவை ஒரு பக்கம், இன்னும் சிவப்பு மாறாதவை ஒரு பக்கம். வீட்டுக்கார அக்கா வெறுங்காலாலேயே அவற்றை வரிவரியாகத் துழாவிவிட்டார். காலில் படுகிற ஈரத்தை வைத்தே இன்னும் எத்தனை நாள் காய வேண்டும் என்று சொல்லிவிடுவாராம். என்னையும் துழாவச் சொன்னார். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது.

ராத்திரி, முழுசாகிவிட்டது போன்ற நிலா. கீழே பெரியகுளத்து விளக்குகள். அக்கா ரோட்டைப் பற்றிப் பேசினார். இந்த ஊருக்கு ரோடு கிடையாது. பிரசவ வலியோ பாம்புக்கடியோ, டோலி கட்டி ஆள் மாற்றி ஆள் சுமக்க வேண்டும். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மோட்டார் ரோடு வந்தது முதல் உலகப் போர்க் காலத்தில்தான். அதுவரை துரைமார்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் இந்த மலைச்சரிவில் குதிரையிலோ கூலிகளின் தோளிலோதான் ஏறினார்கள். அவர்களுக்கு ரோடு வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வெள்ளகவிக்காரர்கள் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

நான் ஆசைப்பட்டுப் போனை வைத்துவிட்டு வந்தேன். இவர்களோ ஒரு ஆம்புலன்ஸைக் கூப்பிட சிக்னல் தேடிப் பாறை ஏறுகிறார்கள். இந்த அமைதி எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக ஊருக்கு டவர் வேண்டாம், ரோடு வேண்டாம் என்று நினைக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. காட்டைக் கெடுக்காமல் ஒரு வழி செய்துதான் ஆக வேண்டும்.

அக்காவின் மகள் பெரியகுளத்தில் ஹாஸ்டலில் தங்கி அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகப் போகிறவள். என்னென்ன சலுகை இருக்கிறது, என்ன தாள் வேண்டும் என்று அக்கா கேட்டார். எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். திங்கட்கிழமை சரியாகப் பார்த்து எழுதி அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு
பெரியகுளம் பஸ் ஸ்டாண்ட்

கேழ்வரகுக் களி சாப்பிட்டு விடிந்ததும் கிளம்பினேன். கும்பக்கரை வரை முட்டியைப் பதம் பார்க்கிற இறக்கம். கீழே வர வர வெக்கை ஏறியது. ஸ்வெட்டர் பைக்குள் போய்விட்டது. அருவியில் நல்ல கூட்டம். ஓரமாகக் காலை மட்டும் நனைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 2, திங்கள்
மதுரை

போனைத் திறந்ததும் வந்து குவிந்த செய்திகளை அப்படியே விட்டுவிட்டு வெள்ளகவி அக்கா கேட்டதைத்தான் முதலில் தேடினேன். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்: முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், ரேஷன் கார்டு, மாற்றுச் சான்றிதழ், உறுதிமொழி எடுத்துப் போக வேண்டும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்; அதைக் கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகவே கேட்க வேண்டும்.

குதிரைக்காரப் பெரியவர் அரிசி வாங்க இறங்கும்போது பெரியகுளத்தில் எந்தக் கடைக்கு வருவார் என்று அக்கா சொல்லியிருந்தார். அந்தக் கடை முகவரிக்கு மத்தியானம் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டேன்.