யூப்ளாய்டு என்றால் நல்லதா?

பெங்களூரில் ஒரு மரபணுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. தமிழன் என்பதால், ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு அறிக்கையை விளக்கும் பொறுப்பு என் தலையில்தான் விழும். அப்படி ஒரு நாள், செயற்கைக் கருத்தரிப்புக்கு முயன்ற தம்பதியின் அறிக்கையில் ஒரு கருவுக்கு எதிரே 'யூப்ளாய்டு' என்றிருந்தது. "அப்படியென்றால் என்ன, தம்பி?" என்று கூட வந்திருந்த மாமியார் கேட்டார். சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது, பசி. "நல்ல கரு, அம்மா" என்று முடித்துவிட்டேன்.

கரு ஒட்டவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா மறுபடியும் வந்தார். கோபப்படவில்லை. "நல்லது என்றுதானே சொன்னீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

அகராதி என் பக்கம் நிற்கும்: கிரேக்கத்தில் 'யூ' என்றால் நல்ல. ஆனால் அந்தச் சொல் வெறும் எண்ணிக்கைக் கணக்கு. செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் முழு முழுத் தொகுதிகளாக இருக்கின்றன, உதிரியாக ஒன்று கூடவோ குறையவோ இல்லை என்பதற்குமேல் அதில் எதுவும் இல்லை. மனிதருக்கு ஒரு தொகுதி 23, இரண்டு சேர்ந்து 46. 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடி 47 ஆனால் டவுன் நோய்க்குறி. அது யூப்ளாய்டு ஆகாது. வேடிக்கை என்னவென்றால், மூன்று முழுத் தொகுதிகள் கொண்ட 69கூட இலக்கணப்படி யூப்ளாய்டுதான். அந்தக் கரு பிழைப்பதில்லை. கருத்தரிப்பு அறிக்கைகளில் 46ஐ மட்டும் அப்படி எழுதுவது எங்கள் தொழிலின் வழக்கம். செடிகளுக்கோ இதெல்லாம் பொருட்டே இல்லை. நாம் உரித்துத் தின்னும் வாழைப்பழம் பெரும்பாலும் மூன்று தொகுதி, 33. விதை இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். கேழ்வரகு நான்கு தொகுதி, 36.

ஐந்தாம் நாள் கருவின் வெளியடுக்கில் சில செல்களை எடுத்துத்தான் பார்க்கிறோம், ஒற்றை மரபணுவில் இருக்கும் பிழை இதில் தெரியாது, கருப்பை ஏற்குமா என்பதும் தெரியாது என்று அன்று அந்த அம்மாவிடம் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது.

அவர் கேழ்வரகு போடுகிறவர். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படியென்றால் விதையை எண்ணித்தான் கொடுத்தீர்கள். முளைக்குமா என்று பார்க்கவில்லை."

"ஆமாம், அம்மா" என்றேன்.

இப்போதெல்லாம் "குரோமோசோம் எண்ணிக்கை சரியாக இருக்கிறது" என்று மட்டும் சொல்கிறேன். "அப்படியென்றால் நல்லதுதானே?" என்று உடனே கேட்கிறார்கள்.