பாத்துக்கறது வேற, ஆட்டிவைக்கறது வேற

நேத்து நைட் ஃப்ரெண்ட் ஒருத்தி போன்ல "எனக்கு டாமினேட் பண்ற ஆளைத்தான்டி பிடிக்குது, அது தப்பா?"ன்னு கேட்டா. தப்பெல்லாம் இல்லடின்னு சொல்லிட்டு வெச்சிட்டேன், ஆனா அப்புறம் தூக்கமே வரல, ஏன்னா அந்த ஆசை எனக்கும் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. நாள் முழுக்க எல்லாத்துக்கும் நானே முடிவெடுத்து அலுத்துப்போய் வர்றப்ப "நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்"னு ஒருத்தன் சொன்னா உடம்பே லேசாகிடும். இதை ஒத்துக்கறதுல எனக்கு எந்த வெக்கமும் இல்ல.

ஆனா இதே ஆசையாலதான் நான் ஒரு தடவை மாட்டிக்கிட்டேன். பல வருஷம் முன்னாடி ஒருத்தன், முதல்ல "வீட்டுக்குப் போனதும் மெசேஜ் பண்ணு"ன்னான், எவ்ளோ அக்கறைன்னு உருகிட்டேன். அப்புறம் லைவ் லொகேஷன் கேட்டான், அப்புறம் அந்த டிரஸ் வேணாம், அவகூட பழகாத, போன் ஏன் பிஸியா இருந்துச்சு, எது கேட்டாலும் "உன் சேஃப்டிக்குத்தான்"னு ஒரே பதில். ஒருநாள் லொகேஷனை ஆஃப் பண்ணேன், மூணு நாள் பேசல, நான்தான் அழுது மன்னிப்பு கேட்டேன். அப்பதான் உறைச்சுது, வெளிய யாரைப் பாத்தும் எனக்கு பயமில்ல, நான் பயந்துட்டு இருந்தது அவன் ஒருத்தனுக்குத்தான். இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 2015ல வந்த சட்டம் இப்படி நெருங்கின உறவுல ஒருத்தரைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி ஒடுக்கறதையே குற்றமா வெச்சிருக்கு, 5 வருஷம் வரைக்கும் ஜெயில், அடிச்சிருக்கணும்னு அவசியமே இல்ல. இதை அப்பவே யாராவது எனக்கு சொல்லியிருக்கலாம்.

பொண்ணுங்களுக்கு ஆல்ஃபா, அதாவது எல்லாரையும் அடக்கி ஆள்ற ஆம்பளைதான் பிடிக்கும்னு அடிச்சு சொல்றவங்களுக்கு ஒண்ணு. 1987ல சடல்லா, கென்ரிக், வெர்ஷூர்ங்கற உளவியல் ஆய்வாளர்கள் பண்ண ஆய்வுல டாமினன்ட்டான ஆணோட கவர்ச்சி கூடுச்சு, உண்மைதான், ஆனா அவனை ஒரு மனுஷனா பிடிக்கறது அதிகமாகல. 2008ல ஸ்னைடர் குழு பாத்தப்ப, விளையாட்டுப் போட்டியில காட்டற ஆதிக்கம் பொண்ணுங்களுக்குப் பிடிச்சது, கூட இருக்கறவங்ககிட்ட காட்டறது பிடிக்கல. ரொம்ப நாள் உறவுன்னு வந்தா மிரட்டி மேல வர்றவனை விட மத்தவங்க தானா மதிக்கறவனைத்தான் விரும்பினாங்க.

இப்ப கூட இருக்கறவர் அதட்டாத மனுஷன்னு சொல்ல மாட்டேன். போன வருஷம் ஒரு ராத்திரி எனக்கு தாங்க முடியாத வயித்துவலி, காலைல பாத்துக்கலாம்னு நான் இழுத்துட்டே இருந்தேன், "எந்திரி, கெளம்பு"ன்னார், குரல்ல அவ்ளோ கண்டிப்பு. போயிட்டேன். அங்க டாக்டர் என்னை விட்டுட்டு அவரைப் பாத்து "அட்மிட் பண்ணிடலாமா?"ன்னு கேட்டார். இவர் "அவகிட்டயே கேளுங்க டாக்டர்"ன்னுட்டு என் பக்கம் திரும்பினார். வலியோட வலியா எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. நான் தேடினது இதைத்தான், பேர்தான் தப்பா வெச்சிருந்தேன்.

காலைல அவளுக்கு ஒரே ஒரு மெசேஜ் போட்டேன், "அவன்கிட்ட கடைசியா எப்ப வேணாம்னு சொன்ன, சொன்னப்ப என்ன ஆச்சு?"ன்னு. ரொம்ப நேரம் டைப்பிங்னு காட்டிட்டே இருந்துச்சு, அப்புறம் "நேர்ல பேசலாம்டி"ன்னு மட்டும் வந்துச்சு. சாயங்காலம் போறேன்.