ஒரு லோடுக்கு ₹600

வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது. லோடு எண்ணும் பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை. திண்ணையில் உட்கார்ந்தால் போதும், ரோட்டில் போகிற டிப்பர்களைக் காது தானாக எண்ண ஆரம்பித்துவிடும். கண்ணால் பார்க்கவே வேண்டாம். காலி வண்டி வேகத்தடையில் ஏறினால் தகர டப்பா மாதிரி குலுங்கும். லோடு வண்டி முனகிக்கொண்டே ஏறி, மெதுவாக இறங்கும். இருபத்திரண்டு வருஷம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் எடைமேடைக் கூண்டுக்குள் இருந்தவனுக்கு இதெல்லாம் மறக்காது.

இப்போது எண்ணிக்கையோடு ஒரு பெருக்கலும் சேர்ந்துகொண்டது. 12 சக்கர டிப்பர், காலி எடை 10 டன், மொத்த எடை 35 டன். கழித்தால் 25 டன் கல். வெட்டி எடுக்கும் கல்லுக்காக அரசுக்குக் கட்டும் தொகைக்கு ராயல்டி என்று பெயர்; சுண்ணாம்புக்கல்லுக்கு அது டன்னுக்கு ₹80. 2014-இல் ₹63-இலிருந்து அப்படி உயர்த்தினார்கள். ஆக ஒரு லோடுக்கு ₹2,000 அரசுக்கு. அதற்கு மேல், அந்த ராயல்டியில் 30 சதவீதத்தைக் கம்பெனி தனியாக மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். அது ₹600. இந்த ₹600-ஐச் சட்டம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. அரசுச் செலவுக்கு இல்லை. 2015-இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி 9பி என்ற பிரிவைச் சேர்த்ததிலிருந்து இதுதான் ஏற்பாடு.

அதனால் என் காதில் இப்போது டிப்பர் போகவில்லை, அறுநூறு அறுநூறாகப் போகிறது. "விடியக்காலையிலேயே ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று வீட்டில் சிரிப்பார்கள்.

இதில் ஒரு விஷயம் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. 30 சதவீதம் என்பது 2015 ஜனவரி 12-க்கு முன் கொடுத்த குத்தகைகளுக்கு. அதற்குப் பிறகு ஏலத்தில் எடுத்த சுரங்கம் என்றால் 10 சதவீதம்தான், லோடுக்கு ₹200. ஏலம் எடுத்தவர் அரசுக்குத் தனியாக ஏலத் தொகை கட்டுகிறார், அவர் தலையில் இன்னும் சுமத்தக்கூடாது என்பது காரணம். சரி, கம்பெனி பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான். ஆனால் அந்த ஏலத் தொகை போவது மாநிலக் கஜானாவுக்கு. ஓரத்து வீட்டுக்காரிக்கு இரண்டு வண்டியும் ஒரே புழுதியைத்தான் போட்டுவிட்டுப் போகிறது. ஒன்று ₹600 புழுதி, இன்னொன்று ₹200 புழுதி.

எடைமேடை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தப் பணத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் அங்கிருந்து தொடங்குவதில்லை. அறக்கட்டளைக் கூட்டம், திட்ட அறிக்கை, மாவட்ட நிர்வாகம் என்று எல்லாம் பின்னால்தான். பணம் பிறக்கிற இடம் அந்த இரும்புத் தட்டு. டிரைவர் வண்டியை நடுவில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, கீழே இறங்கி நிற்க வேண்டும். முன்சக்கரம் தட்டின் விளிம்புக்கு வெளியே நாலு விரல் அளவு நின்றாலே எடை குறைந்து காட்டும். காலி எடையை ஒருமுறை போட்டு, அதையே மாசக்கணக்கில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. நடுவில் வண்டிக்குப் புது டயர் மாறியிருக்கும், பின்கதவுக்குப் பட்டை வெல்டு வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் விடப் பழைய வித்தை, ஒரு நடைக்கு மட்டும் செல்லும் அனுமதிச் சீட்டான நடைச்சீட்டு ஒன்றிலேயே இரண்டு நடை அடிப்பது. சீட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குள் ஓடி வந்து, அதே சீட்டைக் காட்டி மறுபடி ஏற்றிக்கொண்டு போவது. கல்குவாரி இருக்கும் ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

அந்தக் காலத்தில் இதை நான் அரசாங்கத்தை ஏய்ப்பதாகத்தான் நினைத்தேன். அரசாங்கம் பெரிய ஆள், தாங்கிக்கொள்ளும் என்று ஒரு அலட்சியம். சீட்டில்லாமல் போன ஒவ்வொரு நடையிலும் எங்கள் ஊருக்கே ₹600 போயிருக்கிறது என்பது 2015-க்குப் பிறகும் எனக்கு உறைக்கவில்லை. அந்தப் பணம் ஊருக்கென்று இருப்பதே ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்கே, போர்டைப் பார்த்துத்தான் தெரிந்தது.

போர்டு இருப்பது எங்கள் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில். மஞ்சள் பெயிண்டில் திட்டத்தின் பெயர், "மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி", மதிப்பீட்டுத் தொகை, ஆண்டு. ரோட்டைப் பார்த்த பக்கம் என்பதால் எழுத்து பாதிக்கு மேல் புழுதியில் மறைந்துவிட்டது. விரலால் துடைத்துத்தான் படித்தேன். ஓர் அறை, இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, நீலக் குழாய்கள், காசு போட்டால் தண்ணீர் வரும் இயந்திரம். திறந்த புதிதில் குடத்தோடு வரிசை நின்றது. ஒரு வருஷத்தில் தண்ணீரின் வேகம் குறைந்தது, பிறகு சொட்டியது, அப்புறம் பூட்டு. உள்ளே உப்பை வடிகட்டுகிற மெம்பிரேன் அடைத்துக்கொண்டது. உப்புத் தண்ணீருக்கு அது அடைக்கத்தான் செய்யும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் மதிப்பீட்டில் இடம் இருந்தது. மாற்றுகிற செலவுக்கு ஒரு வரி கூட இல்லை. சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்பதே ஒரு விசாரணை. பம்ப் ஆபரேட்டர் ஊராட்சிச் செயலரைக் கைகாட்டுகிறார், செயலர் கான்ட்ராக்டரைக் கைகாட்டுகிறார்.

அதே நிதியில் வேறென்ன நடந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். மூன்று பக்கம் வந்தது. எங்கள் நிலையத்துக்கு நேரே "பணி முடிவுற்றது". அதுவும் பொய்யில்லை, முடிந்துதான் போயிற்று. பட்டியலில் என்னை நிறுத்தியது வேறொரு வரி. நகரத்துப் பேருந்து நிலையத்துக்கு உயர்கோபுர மின்விளக்கு. எங்கள் ஊரிலிருந்து அது 13 கிலோமீட்டர். அங்கே கல்லும் கிடையாது, வெடியும் கிடையாது, டிப்பர் அந்த வழியே போவதும் கிடையாது. எப்படி அது பாதிக்கப்பட்ட பகுதி ஆனது?

விதியைத் தேடிப் படித்தேன். 2024 ஜனவரியில் வந்த திருத்திய வழிகாட்டுதல்படி, சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருப்பதெல்லாம் நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதி. 25 கிலோமீட்டர் வரை மறைமுகமாகப் பாதிக்கப்பட்ட பகுதி. நிதியில் குறைந்தது 70 சதவீதம் நேரடிப் பகுதிக்குப் போக வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. பேத்தியின் காம்பஸை எடுத்து வட்டம் போட்டுப் பார்த்தேன். 15 கிலோமீட்டர் ஆரம் என்றால் 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அதற்குள் நகரம், கோட்டாட்சியர் அலுவலகம், இரண்டு கல்லூரி எல்லாம் அடக்கம். வெடி போட்டால் சுவர் விரிசல் விடுகிற வீடும், பேருந்து நிலையத்து டீக்கடையும் விதிக்கு ஒன்றுதான். ஆக விளக்கு போட்டவர்கள் விதியை மீறவில்லை. எனக்கு அதுதான் கோபமே.

பணம் வரும்போது கிலோ கணக்கு. எடைமேடையில் 10 கிலோ வித்தியாசம் வந்தால் என்னை மேனேஜர் கூப்பிட்டுக் கேட்பார். செலவாகும்போது மட்டும் கிலோமீட்டர் கணக்கு.

விதியை எழுதியவர்களைக் குறைசொல்லவும் முடியவில்லை. ஆரம்பத்தில் மாவட்ட எல்லை என்று ஒன்று இருந்ததால், சுரங்கம் ஒரு மாவட்டத்திலும் புழுதி அடுத்த மாவட்டத்திலுமாக இருந்த ஊர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் எல்லை பாராத இந்த வட்டம். ஆனால் புழுதி வட்டமாகப் போகாது. காற்று போகிற திசையில் போகும், வண்டி போகிற ரோட்டோடு போகும். தண்ணீரும் அப்படித்தான். சுரங்கக் குழியிலிருந்து பம்ப் வைத்து இறைத்தால், பக்கத்துக் கிணறு வற்றும். எது வற்றியது என்று ஊருக்குத்தான் தெரியும். பாதிக்கப்பட்டவர் யார் என்று அடையாளம் காட்ட கிராம சபைக்கும் விதியிலேயே இடம் இருக்கிறது. பழங்குடிப் பகுதிகளில் கிராம சபையின் ஒப்புதல் இல்லாமல் திட்டம் போடக்கூடாது. எங்கள் மாதிரி ஊர்களில்? மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு, எம்.பி., எம்.எல்.ஏ., அதிகாரிகள். தினம் புழுதி தின்கிறவர் யார் என்று தீர்மானிக்கிற மேஜையில் தினம் புழுதி தின்கிறவர் யாரும் இல்லை.

கல்லில் வரும் காசு ஊருக்கு வர வேண்டும் என்பது புது யோசனை ஒன்றும் இல்லை. நம் மாநிலத்தின் 1958-ஆம் ஆண்டு பஞ்சாயத்துச் சட்டத்தில் நிலவரி ரூபாய்க்கு 45 பைசா உள்ளாட்சித் தீர்வை, அதாவது வரிமேல் வரி, இருந்தது. பிறகு அந்த நிலவரியில் ராயல்டியும் சேர்த்தி என்று திருத்தினார்கள். அதாவது கல் வெட்டினால் பஞ்சாயத்துக்குக் காசு, நேராக. சிமெண்ட் கம்பெனி வழக்குப் போட்டது. 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, இதை விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. "ராயல்டி என்பது வரி" என்று ஒரு வாக்கியம் அந்தத் தீர்ப்பில். 2004-இல் இன்னொரு அமர்வு அதைப் படித்துவிட்டு, அது கைப்பிழையாகவோ அச்சுப்பிழையாகவோ வந்த வாக்கியம், "ராயல்டி மீதான தீர்வை என்பது வரி" என்று இருந்திருக்க வேண்டும் என்றது. கடைசியில் 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர், ராயல்டி வரி அல்ல, கனிம நிலத்துக்கு வரி போட மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று தீர்த்தார்கள். தமிழ்நாடும் அதை வைத்துத் தனிச் சட்டம் போட்டு, 2025 ஏப்ரலிலிருந்து சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு ₹160 வரி விதித்தது. ஒரு சொல் விட்டுப்போனதில் முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. எடைச் சீட்டில் ஒரு எண்ணைத் தப்பாக அடித்தால் எனக்கு அன்றைக்கே மெமோ வரும்.

"எதுக்கு இவ்வளவு சுத்து? ஆளுக்கு இவ்வளவுன்னு கையில குடுத்துட்டா என்னங்க?" என்கிறாள் மனைவி. செய்கிறார்கள், அமெரிக்காவின் அலாஸ்காவில். 1976-லிருந்து எண்ணெய், கனிம ராயல்டியில் குறைந்தது கால் பங்கை நிரந்தர நிதியில் போட்டு, அதன் வருமானத்தை ஆளாளுக்குப் பங்கு பிரிக்கிறார்கள். 1982-இல் முதல் தடவை தலைக்கு ஆயிரம் டாலர். அவள் கேட்பது தப்பில்லை. ஆனால் எனக்கு அதில் பிடித்தது கையில் கொடுப்பது இல்லை, முதலைத் தொடாமல் வைத்திருப்பது. கோவா இரும்புத் தாது வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றமும் அதே மாதிரி, விற்பனைத் தொகையில் 10 சதவீதத்தை எதிர்காலத் தலைமுறைக்கென்று நிரந்தர நிதியாக ஒதுக்கச் சொன்னது. அறக்கட்டளை நிதியோ வருஷா வருஷம் செலவழித்துக் காட்ட வேண்டிய நிதியாகத்தான் நடத்தப்படுகிறது. செலவாகாமல் கிடந்தால் வேறு ஆபத்து: கொரோனா வந்த 2020-இல் மீதி இருந்ததில் 30 சதவீதம் வரை அதற்கு எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. கொள்ளை நோய்க்குக் கொடுத்தது பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் எங்கள் குழி ஆழம் போய்க்கொண்டே இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது மேலே நின்றால் ஏற்றுகிற ஆளின் முகம் தெரியும். இப்போது இயந்திரமே பொம்மை மாதிரி தெரிகிறது. கல் தீர்ந்த மறுநாள் லோடு நிற்கும், அறுநூறும் நிற்கும். குழியும் உப்புத் தண்ணீரும் நிற்காது.

தண்ணீர் தினக் கிராம சபையில் இதையெல்லாம் பேசலாம் என்று போனேன். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அதற்கென்றே கூட்டுகிற சபை. உறுதிமொழி வாசித்தார்கள், வேனில் கேன் தண்ணீர் வந்து இறங்கியது. எனக்குப் பேச மூன்று நிமிஷம் கிடைத்தது. வட்டம், எடை எல்லாம் மறந்துபோய், சுத்திகரிப்பு நிலையத்தைத் திறங்கள் என்று மட்டும்தான் வாயில் வந்தது. பின்னால் இருந்த பெண்கள் ஒத்துச் சத்தம் போட்டதால் தீர்மானத்தில் ஏற்றினார்கள். மெம்பிரேனும் வேலைக் கூலியும் சேர்த்து ₹42,000 ஆகும் என்று மெக்கானிக்கிடம் விலை வாங்கி வைத்திருந்தேன்.

மறுநாள் மனு எழுதிக்கொண்டு அலுவலகம் போனேன். தொகை எழுதும் இடத்தில் "70 லோடு" என்று எழுதியிருந்தேன். காலையில் நான் திண்ணையில் உட்கார்ந்து எழுவதற்குள் அவ்வளவு வண்டி போய்விடும். செயலர் எனக்குத் தங்கை மகன் முறை. படித்துவிட்டுச் சிரிக்கவில்லை.

"மாமா, லோடுன்னு எல்லாம் எழுதுனா மேல வாங்க மாட்டாங்க. ரூபாயில போடுங்க."

அடித்துவிட்டு ₹42,000 என்று போட்டேன். அதன் பக்கத்தில் சின்னதாக, அடைப்புக்குள், 70 என்று மட்டும் விட்டு வைத்தேன். அது என்ன எண் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.