ஆயில் குறையவில்லை, பெடல் மட்டும் இறங்கியது

பள்ளிகொண்டா வழியாக இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டு வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு வரும்போது, கிரீன் சர்க்கிள் சிக்னலில் நின்றேன். பிரேக் மேல் லேசாகத்தான் கால் இருந்தது. பெடல் மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, வண்டி நகர ஆரம்பித்தது. முன்னால் ஸ்கூட்டரில் கைக்குழந்தையோடு ஒரு பெண். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டேன். அன்றிரவு தூக்கமே வரவில்லை.

நைனா வாங்கிய 2005 மாடல் பிக்கப் அது. முதலில் போன பட்டறையில் ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டு, "ஏர் புடிச்சிருக்கு" என்று பிளீடிங் செய்து, அதாவது பிரேக் லைனில் புகுந்த காற்றை ஆயிலோடு வெளியேற்றிக் கொடுத்தார்கள். மறுநாளும் அதே கதை. சொல்லப்போனால் இன்னும் வேகமாக இறங்கியது.

சத்துவாச்சாரியில் வயதான பாய் ஒருவர் இருக்கிறார். அவர் வண்டியைத் தொடாமல் ஒரே கேள்வி கேட்டார்: "டப்பால பிரேக் ஆயில் குறையுதா தம்பி?" குறையவில்லை. நான்கு சக்கரத்தின் உள்பக்கமும், ஹோஸ்களும், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர், மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டரோடு சேரும் இடமும் காய்ந்தே இருந்தன. ஏர் இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இதுவோ கெட்டியாக நின்று, பிறகு இறங்குகிறது. ஆயில் வெளியே போகாமல் பெடல் இறங்கினால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பைத் தாண்டி ஆயில் பின்னால் நழுவுகிறது என்று அர்த்தம். ஓங்கி மிதித்தால் அழுத்தத்தில் கப் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். லேசாக மிதித்தால்தான் நழுவும். சிக்னலில் தெரிந்தது பட்டறையில் தெரியாமல் போன காரணம் இதுதான்.

கழற்றிப் பார்த்தோம். கப் ஓரம் கிழிந்திருந்தது, சிலிண்டர் உள்சுவரின் கடைக்கோடியில் துருப்புள்ளிகள். தினசரி ஓட்டத்தில், கப் மாட்டியிருக்கும் பிஸ்டன் அவ்வளவு தூரம் போகாது. பிளீடிங் செய்யும்போது பெடலைத் தரைவரை மிதித்தால், கப் அந்தத் துருவில் உரசிக் கிழிய வாய்ப்புண்டு. பழைய வண்டிக்குப் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். பட்டறை வைத்திருக்கும் தம்பிகள் இதைத் தயவுசெய்து மனதில் வைக்க வேண்டும்.

சுவரே கெட்டுவிட்டதால் புது ரப்பர்கள் அடங்கிய கிட் மட்டும் போடுவது வீண். சிலிண்டரையே மாற்றினோம். பழைய ஆயில் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140-க்கு வந்துவிடும். மலை இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் பெடல் காலியாகத்தான் போகும். எட்டு வருடமாக நான் அதை மாற்றவேயில்லை, அது என் தப்பு.

வீட்டில் மறுபடி பிளீடிங் செய்ய என் மனைவி பெடலில் உட்கார்ந்தாள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடது சக்கரத்தில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது. "அமுக்கு", "புடிச்சிட்டேன்", சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து மூடு, "விடு". குமிழ் நின்று தெளிவான ஆயில் வரும்வரை நகரவில்லை.

சனிக்கிழமை அதே சிக்னலில் லேசாகக் கால் வைத்தே நின்றேன். பச்சை விழும்வரை பெடல் அசையவில்லை. ஜமுனாமரத்தூர் புளி லோடை இதற்காகத்தான் தள்ளிப்போட்டிருந்தேன். புதன்கிழமை மலையேறுகிறேன்.