இணைப்போடு ஒரு வரி

காலையில் நண்பர்கள் குழுவில் ஒருவர் மருத்துவச் செய்தி ஒன்றின் இணைப்பைப் போட்டார். கூடவே ஒரு கேள்வி.

"தலைப்பில் 'குணமாக்கும்' என்று இருக்கிறது. ஐந்தாவது பத்தியில்தான் எலிகளிடம் நடந்த சோதனை என்கிறார்கள். இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?"

அவ்வளவுதான். வழக்கமாகக் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நகர்பவர்கள்கூடத் திறந்து படித்துவிட்டு வந்தார்கள். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தோழி, எலியிடம் பலித்த மருந்து மனிதரிடம் ஏன் பல நேரம் பலிப்பதில்லை என்று பொறுமையாக எழுதினார். ஒருவர் மறுத்தார், கோபமே இல்லாமல்.

ஐந்து செய்தி நிறுவனங்களின் இணைப்புகளை ஆராய்ந்து 2016இல் வந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. ட்விட்டரில் பகிரப்பட்டவற்றில் 59 சதவீதத்தை யாருமே திறக்கவில்லையாம். அப்புறம் எதை வைத்து இத்தனை சண்டை? வெறும் தலைப்பை வைத்துத்தான்.

2020இல் ட்விட்டர், படிக்காமல் பகிரப் போனவர்களிடம் 'முதலில் படிக்கிறீர்களா?' என்று கேட்டுப் பார்த்தது. கட்டுரையைத் திறப்பது 40 சதவீதம் கூடியதாக அவர்களே சொன்னார்கள். ஒரே ஒரு கேள்விக்கு!

இனி இணைப்பு அனுப்பும்போது, எந்த வரி உறுத்தியது, எங்கே சந்தேகம் என்றும் எழுதுங்களேன். பதில் தெரியாவிட்டாலும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் பேச வருவேன்.